கணினி நினைவகமும் அதனை ஒழுங்கமைத்தலும்

பொருளொன்றை ஓரிடத்தில் வைத்தல் வேறு. வைத்ததனை வேண்டியபோது எடுத்தல் வேறு. பத்தாயிரம் நூல்களை அறையொன்றிற் குவித்து வைத்தவன் நூலகம் உடையவன் ஆகான். ஒவ்வொரு நூலுக்கும் எண் இட்டு, அவ்வெண்ணைக் கூறிய மாத்திரத்தே அந்நூலை எடுத்துத் தரவல்ல ஓர் ஏற்பாடு அமைந்த பின்னரே அக்குவியல் நூலகமாகின்றது. கணினியின் நினைவகமும் இத்தகையதே. கடையில் விலை கொடுத்து வாங்கித் தாய்ப்பலகையிற் செருகியதனால் மட்டும் ஒரு தகடு நினைவகம் ஆகிவிடாது. அதிலுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி அமைதல் வேண்டும். அம்முகவரியை மையச் செயலி சுட்ட வல்லதாதல் வேண்டும். பணிசெயல் முறைமை அதனை ஏற்றல் வேண்டும். அது இயங்கவேண்டிய வேகத்தில் இயங்கத் தாய்ப்பலகை இடங்கொடுத்தல் வேண்டும். இந்நான்கையும் ஒத்துவரச் செய்வதே ஒழுங்கமைத்தல் எனப்படுவது. பொருத்துதல் ஐந்து நிமிட வேலை. ஒழுங்கமைத்தல் அவ்வாறன்று.

இது வெறும் சொல்வேறுபாடு என எண்ணற்க. மின்விளக்கைப் பிழையாகப் பொருத்தினால் அது எரியாது. பிழை அக்கணமே வெளிப்படும். நினைவகத்தைப் பிழையாக ஒழுங்கமைத்தாலோ கணினி பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கும். பாதி வேகத்தில் இயங்கும். அல்லது வாங்கிய கொள்ளளவில் ஒரு பகுதியைக் காணாதது போல இயங்கும். அல்லது, எல்லாவற்றினும் கொடிதாக, எழுதிய எண்களில் ஒன்றிரண்டை ஓசையின்றி மாற்றிவைத்துக்கொண்டு இயங்கும். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் அன்பளிப்பாக அனுப்பும் கணினிகளும், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளும் பாடசாலையொன்றை வந்தடையும்போது, வெவ்வேறு அளவும் வெவ்வேறு வேகமும் உடைய தகடுகள் கலந்து பொருத்தப்பட்டனவாய் வருதல் உண்டு. அவற்றைப் பயனற்றன என ஒதுக்குவதா, சிறு செலவிற் பயன்கொள்வதா என்பது இவ்வறிவையே பொறுத்தது.

நினைவகத்தின் இயல்பை முதற்கண் நோக்குதல் தகும். கடைகளில் ‘றாம்’ என்று கேட்டு வாங்கப்படும் தகட்டிற் சிறு கருநிறச் சில்லுகள் வரிசையாக இருத்தலைக் காணலாம். அச்சில்லு ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள. 1966 ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்து ஆய்வாளரான றொபேட் டென்னாட் என்பார், ஒரு திரான்சிற்றரையும் ஒரு கொள்ளளவியையும் மட்டும் கொண்டு ஒரு பிற்றைச் சேமிக்கும் முறையைச் சிந்தித்தார். 1968 இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் 1, இல்லையேல் 0. இன்றைய மேசைக் கணினிகள் அனைத்தினதும் நினைவகம் இவ்வெளிய அறையின் பெருக்கமே. ஆயின் இவ்வறை ஓட்டைக் குடம் போன்றது. நிரப்பிய ஏற்றம் கணப்பொழுதிற் கசிந்துவிடும். ஆதலின் வற்றுமுன் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். டி. டி. ஆர். 4 வகையில் ஒவ்வொரு வரிசையும் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையேனும் படிக்கப்பட்டு மீள எழுதப்படுகின்றது. மின் நின்றவுடன் நினைவகத்தில் உள்ளவை யாவும் அழிந்தொழிவதன் காரணம் இதுவே. வன்தட்டின் கொள்ளளவையும் நினைவகம் என்றே வழங்குவோர் உளர். அது மயக்கம். வன்தட்டு களஞ்சியம், நினைவகம் வேலைமேசை.

இனி முகவரி. மையச் செயலியிலிருந்து செல்லும் முகவரிக் கம்பி ஒவ்வொன்றும் 0, 1 என்னும் இரண்டில் ஒன்றைத் தாங்கும். ஒரு கம்பியால் இரண்டு இடங்களைச் சுட்டலாம், இரண்டால் நான்கு, மூன்றால் எட்டு. இவ்வாறு இருமடங்காக ஏறி, 20 கம்பிகளால் 1,048,576 இடங்களைச் சுட்டலாம். 1981 ஓகஸ்ற் மாதத்தில் ஐ. பி. எம். வெளியிட்ட தனியாள் கணினியில் அமைந்திருந்த இன்ரெல் 8088 செயலிக்கு வாய்த்தவை இந்த 20 கம்பிகளே. இடமொன்றுக்கு ஒரு பைற்றாக, அச்செயலி காணவல்ல உலகம் ஒரு மெகாபைற்று. அதற்கு அப்பால் எத்துணை நினைவகத்தைக் கொணர்ந்து வைப்பினும் அதற்கு முகவரி இல்லை; முகவரி இல்லாதது செயலியைப் பொறுத்தவரை இல்லாததே.

அக்கணினியின் அடிப்படை வகை 16 கிலோபைற்று நினைவகத்துடன் விற்கப்பட்டது. தாய்ப்பலகையில் வரிசைக்கு ஒன்பது சில்லுகளாக நான்கு வரிசைகளுக்கு இடமிருந்தது. முதல் வரிசை பலகையோடு பற்றாசு பிடிக்கப்பட்டிருந்தது. ஏனைய மூன்றும் வெறுங் குழிகள். வேண்டியவர் சில்லுகளை வாங்கி ஒவ்வொன்றாகச் செருகி 64 கிலோபைற்று வரை பெருக்கிக்கொள்ளலாம். செருகியபின் செய்ய வேண்டியிருந்த செயலே ஈண்டுக் கருதத்தக்கது. பலகையில் இரண்டு தொகுதிச் சிற்றாளிகள் இருந்தன. எவ்வளவு நினைவகம் உண்டு என்பதை, அவ்வாளிகளை ஏற்றியும் இறக்கியும், மனிதனே கணினிக்கு அறிவித்தல் வேண்டும். குறைத்து அறிவித்தால், செருகிய சில்லுகள் இருந்தும் இல்லாதனவே. கூட்டி அறிவித்தால், தொடக்கச் சோதனை பிழையெனக் கூறும். பொருத்துதலும் ஒழுங்கமைத்தலும் இரு வேறு செயல்கள் என்பது அந்நாளில் எவருக்கும் கண்கூடாய் இருந்தது. ஒரு பைற்றுக்கு எட்டுப் பிற்றுகள் போதுமாயிருக்க, வரிசைக்கு ஒன்பது சில்லுகள் வைத்தது எற்றுக்கு என வினவலாம். ஒன்பதாவது சில்லு காவலாள்; அதன் தொழில் பின்னர் விளக்கப்படும்.

அந்த ஒரு மெகாபைற்று முழுவதும் செய்நிரல்களுக்கு உரியதாய் இருக்கவில்லை. 1024 கிலோபைற்றில் மேற்பகுதியான 384 கிலோபைற்று முகவரிகள் திரைக்கும், அழியா நினைவகத்துக்கும், ஏனைய உறுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சியது 640. இவ்வெல்லை எவருக்கும் போதுமானது என்று பில் கேற்ஸ் மொழிந்ததாக ஒரு செய்தி உலவுகின்றது. அவர் அதனை மறுத்துள்ளார்; கூறியதற்குச் சான்றும் காட்டப்படவில்லை. மாணவர் அதனை மேற்கோளாக எடுத்தாளாதிருத்தல் நலம்.

எவர் கூறினும் கூறாவிடினும் 640 கிலோபைற்று விரைவிற் போதாதாயிற்று. 1985 இல் லோற்றஸ், இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி ஓர் உபாயம் வகுத்தன. ஒதுக்கப்பட்ட மேற்பகுதியில் 64 கிலோபைற்று அளவான பலகணியொன்று திறக்கப்பட்டது. முகவரி எல்லைக்குப் புறத்தே உள்ள பெரிய நினைவகத்தின் பகுதிகள், 16 கிலோபைற்றுப் பக்கங்களாக, வேண்டியபோது அப்பலகணியில் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் அவை விலக வேறு பக்கங்கள் வரும். சிறிய கரும்பலகையொன்றில் எழுதியும் அழித்தும் நீண்ட பாடத்தை முடிக்கும் ஆசிரியரின் உத்தியே இது. இதற்கிடையிற் செயலிகளும் வளர்ந்தன. 1984 இல் ஐ. பி. எம். பயன்படுத்திய 80286 செயலிக்கு 24 முகவரிக் கம்பிகள். 1985 இல் வந்த 80386 இற்கு 32. ஆயினும் பழைய செய்நிரல்கள் பழைய எல்லைக்குள்ளேயே வாழப் பழகியவை. எனவே நான்கு மெகாபைற்று வாங்கியவனும் 640 கிலோபைற்றுக்குள் நெருக்குண்டான். 1991 இல் வந்த எம். எஸ்.-டொஸ் 5 இல், ‘கொன்பிக்.சிஸ்’ என்னும் கோப்பில் ஹைமெம், ஈ. எம். எம். 386 ஆகியவற்றை அழைக்கும் வரிகளை எழுதி, பணிசெயல் முறைமையின் ஒரு பகுதியை மேலேற்றிக் கீழ்ப்பகுதியிற் சிறிது இடம் விடுவிக்கலாம். ஹைமெம் முன்னர் வருதல் வேண்டும், ஈ. எம். எம். 386 பின்னரே வரலாம். வரிசை மாறின் பின்னையது இயங்காது. சில பத்துக் கிலோபைற்றுகளை மீட்பதற்காக அக்காலத்தார் மணிக்கணக்கில் இவ்வரிகளை மாற்றி மாற்றி எழுதினர். இன்று அது வீண் உழைப்பாகத் தோன்றும். எனினும் தம் கணினியின் நினைவகப் படத்தை மனத்திற் கொண்டிருந்த ஒரு தலைமுறையை அவ்வுழைப்பே ஆக்கிற்று.

32 கம்பிகளால் 4,294,967,296 இடங்களைச் சுட்டலாம். அதாவது 4 கிகாபைற்று. 1985 இல் எட்டாத் தொலைவாகத் தோன்றிய இவ்வெல்லையை இருபது ஆண்டளவிற் சாதாரண மேசைக் கணினிகளும் வந்து முட்டின. 32 பிற்று வின்டோஸ் நிறுவிய கணினியில் 4 கிகாபைற்றைப் பொருத்தியவர்கள், 3.25 என்றும் 3.5 என்றும் திரை காட்டக் கண்டு, விற்றவர்மேல் ஐயுற்றனர். குற்றம் விற்றவருடையதன்று. திரைக்காட்சி அட்டை முதலிய உறுப்புகளுக்கும் முகவரிகள் வேண்டும். அவையும் அதே நான்கு கிகாபைற்று வெளியிலிருந்தே எடுக்கப்பட்டன. 1981 இன் 384 கிலோபைற்றுச் சிக்கலே பேருருக் கொண்டு மீண்டது. 2003 இல் ஏ. எம். டி. நிறுவனம் கொணர்ந்த 64 பிற்றுச் செயலிகள் இவ்வெல்லையைத் தகர்த்தன. ஆயின் செயலி 64 பிற்றாயிருந்தும் பணிசெயல் முறைமை 32 பிற்றாயிருப்பின் பயனில்லை. பழைய கணினியொன்று கைக்கு வந்தால் முதலில் நோக்கவேண்டியது இதுவே. எட்டுக் கிகாபைற்றுப் பொருத்தியும் மூன்றே கிகாபைற்றில் உழலும் கணினிக்குப் புதிய தகடு வேண்டியதில்லை. 64 பிற்று முறைமையே வேண்டும். 2021 இல் வெளியான வின்டோஸ் 11 இற்கு 32 பிற்று வடிவமே இல்லை. ஆதலின் இச்சிக்கல் பழைய கணினிகளுக்கே உரியதாய் அருகி வருகின்றது. செயலியினுள்ளேயே திரைக்காட்சிப் பகுதி அமைந்த கணினிகள் தம் தேவைக்கென நினைவகத்திற் சிறிது எடுத்துக்கொள்ளும் என்பதையும், எட்டு எனப் பொருத்தியது ஏழரையளவாகத் தோன்றின் அது வழமையே என்பதையும் இவ்விடத்தில் அறிந்துகொள்ளலாம்.

எவ்வளவு நினைவகம் போதும் என்னும் வினாவுக்கு விடை கூற, நினைவகம் போதாதபோது யாது நிகழும் என்பதை அறிதல் வேண்டும். கணினி நின்றுவிடாது, கடன் வாங்கும். 1962 இல் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் என்னும் கணினியில், ரொம் கில்பேணும் அவர்தம் குழுவினரும் இம்முறையைக் கையாண்டனர். விரைவான காந்த உள்ளக நினைவகம் அதில் 16 ஆயிரம் சொற்களளவே இருந்தது. மந்தமான காந்த உருளையிலோ 96 ஆயிரம் சொற்கள் அடங்கும். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, வேண்டிய பக்கத்தை உருளையிலிருந்து உள்ளகத்துக்கும், வேண்டாததை உள்ளகத்திலிருந்து உருளைக்கும் கணினி தானே மாற்றிக்கொள்ளும். செய்நிரல் எழுதுவோனுக்கு எல்லாம் ஒரே நினைவகமாகத் தோன்றும். இன்றைய கணினிகள் வன்தட்டில் ஒதுக்கிவைக்கும் பக்கக் கோப்பு இம்முறையின் வழித்தோன்றலே.

கடனுக்கு வட்டி உண்டு. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்கச் செல்லும் நேரம் ஏறத்தாழ 100 நனோசெக்கன். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். முன்னையதை ஒரு நிமிடம் எனக் கொண்டால் பின்னையது எழுபது நாள். சுழலாத் திண்மத் தட்டாயின் அது பதினேழு மணித்தியாலமளவாகக் குறையும். அப்போதும் ஒரு நிமிட வேலைக்குப் பதினேழு மணித்தியாலம் என்பது சிறிதன்று. எனவே செய்நிரல்கள் ஒன்றிரண்டைத் திறந்தவுடன் தட்டின் விளக்கு ஓயாது மினுங்கிக் கணினி தடுமாறுமாயின், அது முதுமையன்று, பசி. நான்கு கிகாபைற்றில் இவ்வாறு தடுமாறும் கணினி, எட்டு ஆக்கியபின் வேறொரு கணினி போல நடப்பதுண்டு. மாறாக, கடிதம் எழுதுதல், கணக்குத் தாள் நிரப்புதல் ஆகிய வேலைகளுக்கு 16 இலிருந்து 32 ஆக்குதல் பணத்தைக் கடலிற் கொட்டுதலேயாம். ‘ராஸ்க் மனேஜர்’ என்னும் கருவியைத் திறந்து, வழமையான வேலைகள் நடக்கும்போது நினைவகத்தில் எத்தனை பங்கு பயன்படுகின்றது என ஓரிரு நாள் நோக்கியபின் முடிவு செய்தலே முறை. பக்கக் கோப்பின் அளவைத் தாமாக மாற்றுவோரும், அதனை அடியோடு நீக்குவோரும் உளர். முறைமையே அதனை ஆள விட்டுவிடுதல் நன்று.

கொள்ளளவு துணிந்தபின் வகை. தகடுகளின் தலைமுறைகள் ஒன்றோடொன்று பொருந்தா. டி. டி. ஆர். 2, டி. டி. ஆர். 3 ஆகிய இரண்டுக்கும் தொடுமுனைகள் 240, டி. டி. ஆர். 4, டி. டி. ஆர். 5 ஆகிய இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றாயினும் விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருத்தலால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. ஏற்கும் மின்னழுத்தமும் வேறு: டி. டி. ஆர். 3 இற்கு 1.5 வோல்ற்று, 4 இற்கு 1.2, 5 இற்கு 1.1. இறங்காத தகட்டை அழுத்தி இறக்க முயல்வோன் தகட்டையும் பலகையையும் ஒருங்கே இழப்பான்.

தகட்டின் வேகத்தைப் பற்றிப் பெரும் மயக்கம் உண்டு. டி. டி. ஆர். 4-3200 எனின் செக்கனுக்கு 320 கோடி முறை, முறைக்கு எட்டுப் பைற்றாக, 25.6 கிகாபைற்றுச் செல்லும் என்பது பொருள். இது பாதையின் அகலம் போன்றது. கேட்டதற்கும் முதற் பைற்று வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட காத்திருப்பு வேறோர் அளவு. தகட்டிற் பொறிக்கப்பட்டுள்ள சி. எல். எண்ணை 2000 ஆற் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் அது நனோசெக்கனிற் கிடைக்கும். டி. டி. ஆர். 3-1600, சி. எல். 11 எனின் 13.75. டி. டி. ஆர். 4-3200, சி. எல். 22 எனினும் அதே 13.75. பாதை இருமடங்கு அகன்றது. காத்திருப்போ அணுவளவும் குறையவில்லை. விளம்பரங்கள் முன்னையதை முழங்கிப் பின்னையதைப் பேசாது விடுதல் இயல்பே.

1981 இன் சிற்றாளிகள் இன்று எங்குப் போயின? 1990களின் பிற்பகுதியிலிருந்து தகடு ஒவ்வொன்றிலும் ஒரு மிகச் சிறிய அழியாச் சில்லு வைக்கப்பட்டு வருகின்றது. தன் கொள்ளளவு, வேகம், காத்திருப்பு ஆகியவற்றைத் தகடே தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருகின்றது எனலாம். கணினி தொடங்கும்போது பயோஸ் என்னும் தொடக்க மென்பொருள் அதனைப் படித்துத் தானே ஒழுங்கமைத்துக்கொள்ளும். இது பெருவசதி, மறதிக்கும் காரணம். ஏனெனில் தானியங்கி முறை தேர்வது எப்பொழுதும் ஐயமற்ற வேகத்தையே, உயர்ந்த வேகத்தையன்று. விரைவான தகடுகள் பலவற்றின் உயர்வேக விவரம் தனியொரு பகுதியில் எழுதப்பட்டிருக்கும். இன்ரெல் 2007 இல் வகுத்த அவ்வேற்பாட்டுக்கு எக்ஸ். எம். பி. என்று பெயர், டி. டி. ஆர். 5 இற்கென ஏ. எம். டி. 2022 இல் வகுத்தது எக்ஸ்போ. பயோசினுட் சென்று அதனைத் தேர்ந்தாலன்றி, விலையுயர்ந்த தகடு விலைகுறைந்த தகட்டின் வேகத்திலேயே ஆண்டாண்டாக ஓடும். ‘ராஸ்க் மனேஜர்’ காட்டும் வேகத்தையும் தகட்டின் ஒட்டுத்தாளையும் ஒப்பிட்டால் உண்மை வெளியாகும். வேகம் வேறுபட்ட இரு தகடுகளைச் சேர்த்தால் இரண்டும் மந்தமானதன் வேகத்துக்கே இறங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இடமும் இணையும் அடுத்தன. இன்றைய மேசைக் கணினிச் செயலிகள் நினைவகத்தோடு இரண்டு பாதைகளாற் பேசுவன. எட்டுக் கிகாபைற்றை ஒரே தகடாக வைத்தால் ஒரு பாதை வெறுமையாய்க் கிடக்கும். நான்கும் நான்குமாக இரு தகடுகளைப் பாதைக்கு ஒன்றாக வைத்தால் அகலம் இருமடங்காகும். எழுத்து வேலைக்கு இதனால் விளையும் வேறுபாடு சிறிது. செயலியின் உள்ளேயே திரைக்காட்சிப் பகுதி அமைந்த கணினிகளிற் படங்களையும் நிகழ்படங்களையும் கையாளும்போது பெரிது. நான்கு செருகுவாய்கள் உள்ள பலகையில் இரு தகடுகளைச் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் வைக்குமாறு பலகையோடு வரும் கைந்நூல்கள் பெரும்பாலும் கூறும். காரணமின்றி அவ்வாறு கூறப்படவில்லை. பாதை ஒவ்வொன்றின் கம்பிகளும் முதல் வாயைக் கடந்து இரண்டாவதில் முடிகின்றன. கடைசி வாயை வெறுமையாக விட்டால், முடிவின்றித் தொங்கும் கம்பியின் நுனியிலிருந்து சைகை எதிரொலித்துத் திரும்பி, அடுத்து வரும் சைகையைக் குழப்பும். கிணற்றுள் நின்று பேசுவோன் சொல் அவன் எதிரொலியாலேயே தெளிவிழப்பது போல்வதிது. நான்கு வாய்களையும் நிரப்பினால், சிறப்பாக டி. டி. ஆர். 5 இல், வேகம் குறைதல் கூடும். எனவே நான்கு சிறு தகடுகளினும் இரு பெருந் தகடுகள் சிறந்தன.

பொருத்தும் முறை எளிது. மின் இணைப்பைக் கழற்றுக. தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய ஏற்றத்தை விடுக. கணினியின் உலோக உடலைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கியபின் தகட்டை விளிம்பிற் பிடித்து, வெட்டு நேர்வரச் செய்து, இரு முனைகளையும் சமமாக அழுத்துக. கவ்வி ஓசையுடன் மூடும். பின்னர் முதன்முறை தொடங்கும்போது திரை இருண்டே இருத்தல் கூடும். ஒவ்வொரு கம்பியிலும் சைகை வந்து சேரும் காலத்தைப் பலகை அளந்து ஒத்திசைத்துக்கொள்ளும் பொழுது அது, டி. டி. ஆர். 5 இற் சில நிமிடங்களும் செல்லும். தகடு பழுதென அஞ்சி இடையே மின்னை நிறுத்துவோர் பலர். பொறுத்திருத்தல் வேண்டும்.

திரை ஒளிர்ந்து, கொள்ளளவும் வேகமும் சரியெனக் கண்டபின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது. எழுதியதையே இந்நினைவகம் திருப்பித் தருகின்றதா? முற்கூறிய ஒன்பதாவது சில்லின் தொழில் இதுவே. எட்டுப் பிற்றுகளில் உள்ள 1 களின் தொகை ஒற்றையா இரட்டையா என அது குறித்துவைக்கும். படிக்கும்போது கணக்கு ஒவ்வாதாயின் 1981 இன் கணினி பிழையை அறிவித்து அங்கேயே நின்றுவிடும். பிழையான விடையினும் விடையின்மை மேல் என அதனை ஆக்கியோர் கருதினர். பிழைக்கான காரணம் பழுது மட்டுமன்று. 1978 இல் இன்ரெல் ஆய்வாளர்களான மேயும் வூட்சும், சில்லை மூடிய பொதியிற் கலந்திருந்த அற்ப யுரேனியமும் தோரியமும் உமிழும் அல்பாத் துணிக்கைகள் நல்ல சில்லிலும் பிற்றுகளை மாற்றிவிடுதலைக் காட்டினர். ஆயினும் 1990களின் நடுப்பகுதியில், செலவைக் குறைப்பதற்காக, பெரும்பாலான மேசைக் கணினிகளிலிருந்து இக்காவல் நீக்கப்பட்டது. பெருங் கணினிகளுக்குப் பிழைதிருத்தும் நினைவகம் என்னும் மேலான காவல் இன்றும் உண்டு. கூகிள் நிறுவனக் கணினிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆண்டொன்றில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட தகடுகளிற் பிழை காணப்பட்டமையைக் கூறிற்று. அவை அங்கே கண்டறியப்பட்டன. மேசைக் கணினியிற் கண்டறிவார் இல்லை. டி. டி. ஆர். 5 சில்லுகள் தம்முள்ளே நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்வன. சில்லுக்கும் செயலிக்கும் இடைவழியில் நேர்வதை அவையும் அறியா. 71 என்னும் எண்ணை இருமவெண்ணாக எழுதின் 1000111. தலைப் பிற்று ஒன்று வீழ்ந்தால் எஞ்சுவது 7. மாணவன் ஒருவனின் புள்ளி அவ்வாறு மாறின், கணினி அதனை ஒரு குற்றமாகவே அறியாது. கூட்டுத்தொகையையும் அதற்கேற்பப் பிழையின்றிக் கணித்துத் தரும்.

ஆதலின் புதிய தகடு வைத்தபோதும், உயர்வேக விவரத்தைத் தேர்ந்தபோதும், அன்பளிப்புக் கணினியைப் பயனுக்கு எடுக்கும்போதும் சோதித்தல் இன்றியமையாதது. 1994 இல் தோன்றிய மெம்ரெஸ்ற் 86 என்னும் மென்பொருளும் அதன் வழிவந்தவையும், பணிசெயல் முறைமைக்கு முன்னரே தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பலவகைக் கோலங்களை எழுதிப் படித்து ஒப்புநோக்குவன. மாலையிற் தொடக்கிவிட்டுக் காலையிற் பார்க்கலாம். ஒரு பிழை காட்டினும் அது பிழையே. ‘ஒன்றுதானே’ என்று விடுதல் தகாது. முதலில் உயர்வேக விவரத்தை நீக்கிவிட்டு மீளச் சோதிக்க. பிழை மறையின் தகடு பழுதன்று. அவ்வேகம் அப்பலகைக்கு ஒவ்வவில்லை. மறையாவிடின் தகடுகளை ஒவ்வொன்றாக, ஒரே செருகுவாயில் வைத்துச் சோதிக்க. ஒரு தகட்டில் மட்டும் பிழை தொடரின் அதனை நீக்குக. எல்லாத் தகடுகளும் ஒரே வாயிற் பிழை காட்டி வேறொரு வாயிற் காட்டாவிடின் பழுது வாயினது; தொடுமுனைகளில் தூசியோ களிம்போ படிந்திருத்தலும் கூடும். பழுதான தகட்டை நீக்கியபின், அது இயங்கிய காலத்தில் அக்கணினியில் எழுதப்பட்ட பட்டியல்களையும் கணக்குகளையும், பேனாவால் எழுதிய மூலப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே மீளப் பயன்படுத்துதல் வேண்டும்.